பல்வரிசை: வீட்டில் கவனிக்கப்படாத ஒரு வரலாறு

பிள்ளைக்குத் தெத்துப்பல் முளைத்தால் ‘அதுவும் ஓர் அழகுதான்’ என்று சிரித்துவிட்டுப் போவது நம் வீடுகளில் வழக்கம். எத்துப்பல் என்றாலோ பள்ளியில் கேலிதான். அழகுக்கும் கேலிக்கும் அப்பால் இது ஒரு சுகாதாரப் பிரச்சினை என்ற எண்ணம் பெற்றோர் பலருக்கு வருவதில்லை. ஆனால், மனிதன் இதைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கி ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், பால்பல் விழுவதற்கு முன்பே புதுப்பல் முளைத்தால், பால்பல்லை எடுத்துவிட்டுப் புதுப்பல்லை நாள்தோறும் விரலால் உரிய இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும் என்று எழுதி வைத்தார். 1728-இல் பிரெஞ்சு பல் மருத்துவர் பியேர் ஃபோஷார், உலோகப் பட்டையோடு பற்களை நூலால் கட்டி வரிசைப்படுத்தும் முறையைத் தமது நூலில் விளக்கினார். இன்றைய பல் கம்பிக்கு அதுவே முன்னோடி.

எத்தனை பிள்ளைகளுக்கு இந்தக் குறை உண்டு என்று கணக்கெடுக்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அமெரிக்கரான எட்வர்ட் ஏங்கல் 1899-இல் அதற்கு வழி வகுத்தார். ஆறு வயது வாக்கில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் எப்படிப் பொருந்துகின்றன என்பதே அவருடைய அடிப்படை. பொருத்தம் சரியாக இருந்தும் பற்கள் நெருக்கியடித்து நின்றால் முதல் வகை. கீழ்ப்பல் பின்தங்கினால் இரண்டாம் வகை. கீழ்ப்பல் முந்தினால் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகை சீனர்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு மதிப்பீடு, உலகில் ஏறத்தாழ 56 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் ஏதோ ஒரு வகைக் கடிமானக் கோளாறு இருப்பதாகக் கூறுகிறது. அத்தனை பேருக்கும் கம்பி தேவை என்பது இதன் பொருளன்று. லேசான கோளாறு எது, சிகிச்சை வேண்டியது எது என்று பிரித்தறிய, 1989-இல் பிரிட்டனில் ஐந்து படிகள் கொண்ட அளவுகோல் உருவானது. அதில் நான்காம், ஐந்தாம் படியினருக்கே சிகிச்சை மிக அவசியம்.

நம் நாட்டின் கதை பினாங்கில் தொடங்குகிறது. 1921-இல் நியூசிலாந்து தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் திட்டத்தைப் பின்பற்றி, 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே பயின்ற தாதியர் பள்ளிப் பிள்ளைகளின் சொத்தைப் பற்களை அடைத்தும் பிடுங்கியும் பணியாற்றினர். சிங்கப்பூர் 1950-களில் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கியது. மலேசியாவில் 1972-இல் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது.

சொத்தைக்கும் பல்வரிசைக்கும் என்ன தொடர்பு? பால் கடைவாய்ப் பல் காலத்துக்கு முன்பே போய்விட்டால், பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாய்ந்துவிடும். பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடமிருக்காது. ‘எப்படியும் விழப்போகும் பல்தானே’ என்ற அலட்சியத்தின் விலை இதுதான். இதனுடன் பரம்பரைத் தாடை அமைப்பும், நெடுநாள் விரல் சூப்பும் பழக்கமும் சேர்ந்துகொள்கின்றன.

பள்ளிச் சேவை சொத்தையைத் தடுக்க உதவியது. பல்வரிசையைச் சீராக்குவதோ நிபுணரின் வேலை. அதற்குச் செலவும் உண்டு, காத்திருப்பும் உண்டு. அந்த இடைவெளியில்தான் மலிவு விலைப் போலிக் கம்பிக்காரர்கள் நுழைகிறார்கள். பதிவு பெறாதவர் பல் சிகிச்சை அளிப்பது 2018-ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். தவறாக இழுக்கப்பட்ட பல் ஆடிப்போய் விழுந்துவிடவும் கூடும்.

ஏழு வயது வாக்கில் பிள்ளையை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது பெற்றோரின் கடமை. கோளாறு இல்லையென்றால் நிம்மதி. இருந்தால், எப்போது தொடங்கலாம் என்று திட்டமிட நேரம் கிடைக்கும். பிள்ளை வாய்விட்டுச் சிரிப்பதற்குக் கூச்சப்படத் தொடங்கும் முன்பே நாம் விழித்துக் கொள்வோம்.