கலாநிதிக்கு முன் வாத்தியார்

எங்கள் நாரந்தனைக்குப் பக்கத்து ஊர் கரம்பன். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த மண். அவர் 1950களில் இலண்டனில் கல்வியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றதைப் பலரும் சொல்வார்கள். அதற்கு வெகு முன்பே திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் என்பதுதான் எனக்குப் பெரிய விசயம்.

1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் இதற்கு மாறான ஒரு வழக்கம் இருந்தது. முதல் வகுப்பில் சித்தியடைந்தவரை உதவி விரிவுரையாளராக எடுப்பார்கள். பிறகு கற்கை விடுமுறையில் சீமைக்கு அனுப்புவார்கள். ஆய்வேட்டைத் திருத்த அங்கே ஆள் உண்டு. ஒரு மணித்தியாலப் பாடத்தை எப்படி நடத்துவதென்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். ஆனால் முன்னவர் 'தினகரன்' நாளிதழின் ஆசிரியராக இருந்தவர்; பின்னவர் கொழும்பு சாகிராக் கல்லூரியில் படிப்பித்தவர், நாடாளுமன்றத்தில் மொழிபெயர்த்தவர். எதிரே இருப்பவருக்கு விளங்கச் சொல்லும் வித்தை அந்த வேலைகளிலேயே கைவந்திருக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் இல்லாத கலாநிதிகளிடமும் நான் படித்தேன். மஞ்சளித்த தாள்களை நிமிராமல் வாசிப்பார்கள். நாங்கள் குனிந்தபடி எழுதுவோம். கேள்வி கேட்டால் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.

இப்போது தகுதிகாண் விரிவுரையாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி உண்டு. அதுவும் வேலை கிடைத்த பிறகுதான். ஆய்வு மாணவர்களை அதற்கு முன்பே, ஒரு தவணையாவது, முதலாம் வருடத்து வகுப்புக்கு அனுப்புங்கள். பின்வாங்கில் ஒரு மூத்த ஆசிரியர் இருந்து பார்க்கட்டும்.