தக்காளி எங்கே விளைஞ்சது? ஒரு பண்ணைக் கடையும் 1947-ம் வருஷச் சட்டமும்

'கிளார்க்சன்ஸ் ஃபார்ம்' பாத்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். கார் ஷோ பண்ணிப் பிரபலமான ஜெரமி கிளார்க்சன், இங்கிலாந்தில் சாட்லிங்டன் கிராமத்துப் பக்கம் விவசாயம் பண்றார். பண்ணையிலேயே ஒரு கடை போடுறார், கூட்டம் குவியுது. அடுத்து, ஆடுகள் குட்டி போடுற கொட்டகையை ரெஸ்டாரண்ட் ஆக்கலாம்னு கவுன்சில்ல அனுமதி கேக்குறார். 2022 ஜனவரியில முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

சீரிஸ்ல கவுன்சில்தான் வில்லன். கதை சொல்றது கிளார்க்சன், அப்ப வேற யார் வில்லனா இருக்க முடியும்? ஆனா அந்த 'முடியாது'வுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட நூறு வருஷச் சண்டை இருக்கு. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல் உலகப் போர் முடிஞ்ச காலத்துக்குப் போவோம். விவசாயத்துல வருமானம் இல்லை, நிலம் மலிவு. பஸ்ஸும் காரும் வந்தாச்சு. ஊரை விட்டு வெளியே போற ரோடு ஓரமெல்லாம் வரிசையா வீடு, பெட்ரோல் பங்க், டீக்கடை முளைக்குது. ரிப்பன் மாதிரி நீண்டு போனதால இதுக்கு 'ரிப்பன் டெவலப்மெண்ட்'னே பேர். சசெக்ஸ் கடற்கரையில பீஸ்ஹேவன்னு ஒரு ஊர், மனை பிரிச்சு வித்தே உருவானது. வேற சில இடங்கள்ல பழைய ரயில் பெட்டியை வாங்கிட்டு வந்து வீடா மாத்திக் குடியிருந்தாங்க.

லண்டன்ல ஒண்டுக் குடித்தனத்துல இருந்தவருக்கு அது வாழ்நாள் கனவு. ஏற்கெனவே கிராமத்துல பெரிய வீடு வெச்சிருந்தவருக்கு அது கண்றாவி. 1926-ல் நகரத் திட்டமிடல் நிபுணர் பேட்ரிக் அபர்க்ராம்பி முன்னின்று, கிராமப்புற இங்கிலாந்தைக் காப்பாத்த ஒரு அமைப்பு தொடங்கினாங்க. 1928-ல் கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் இந்தப் பரவலை ஆக்டோபஸுக்கு ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். 1935-ல் ரோடு ஓரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வந்துச்சு. அவங்க பயம் பொய்யில்லை. அப்படியே விட்டிருந்தா லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் நடுவுல இன்னிக்கு வயலே இருந்திருக்காது. ஆனா 'அசிங்கம்'னு முடிவு பண்ற இடத்துல யார் உக்காந்திருந்தாங்கன்னும் பாக்கணும் இல்லையா?

அப்புறம் இரண்டாம் உலகப் போர். உணவு ஏத்திட்டு வர்ற கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்குது. ஒவ்வொரு ஏக்கரும் உயிர் பிழைக்கிற விஷயம் ஆயிடுச்சு. அந்தச் சூழல்லதான், 1942-ல், நீதிபதி ஸ்காட் தலைமையிலான குழுவின் அறிக்கை வருது. அதோட அடிப்படை நம்பிக்கை ரொம்ப சிம்பிள்: விவசாயம் நல்லா நடந்தா கிராமம் நல்லா இருக்கும். கிராமத்தோட அழகும் அதுவா நிக்கும். அதனால விவசாய நிலத்தை மத்த எல்லாத்துக்கிட்ட இருந்தும் காப்பாத்தணும்.

குழுவுல ஒருத்தர் மட்டும் ஒத்துக்கல. டென்னிசன், பொருளாதாரக்காரர். தனியா ஒரு அறிக்கை எழுதினார். கிராமத்துக்குள்ள வேற தொழில் வரவிடாமத் தடுத்தா, அங்க இருக்கிற கூலித் தொழிலாளி ஏழையாவேதான் இருப்பான்ங்கறது அவர் வாதம். இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச ஆள் இவர்தான். அன்னிக்கு அவரை யாரும் பெருசா எடுத்துக்கல.

1947-ல் அட்லி அரசு 'டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங்' சட்டம் கொண்டு வந்தது. (பேர் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? தமிழ்நாட்டோட 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துக்கும் ஆங்கிலத்துல இதே பேர்தான்.) 1948 ஜூலை 1 முதல், நிலம் உன்னுதாவே இருந்தாலும், அதுல கட்டவோ பயன்பாட்டை மாத்தவோ அரசு அனுமதி வேணும். ஒரே பெரிய விதிவிலக்கு விவசாயம். நம்ம பாஷையில சொன்னா, 'விவசாயமா? உள்ள போ'ன்னு ஹார்ட்கோட் பண்ணிட்டாங்க.

விளைவு வினோதமானது. பெரிய டிராக்டர் ஓட்ட வசதியா, பல நூறு வருஷப் பழைய வேலிப் புதர்களை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிடுங்கினாங்க. அதுக்கு அனுமதி கேக்க வேண்டியதில்லை. 1997-ல்தான் கட்டுப்பாடு வந்துச்சு. அதே வயல் ஓரத்துல ஒரு சின்னக் கடை வெச்சா? நில்லு, விண்ணப்பம் போடு.

கடையிலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. 1967-ல் ஒரு வழக்கு. நர்சரி வெச்சிருந்த ஒருத்தர் தோட்டத்து மரக் குடிசையில தன்னோட விளைச்சலையும், வெளியே வாங்கின பழங்களையும் சேத்து வித்தார். கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, சொந்த விளைச்சலை விக்கறது விவசாயத்தோட ஒட்டின வேலை, ஆனா வெளியிலிருந்து கொண்டுவந்து விக்கறது வேற வகைப் பயன்பாடு. அதாவது அதே குடிசை, அதே கல்லா, அதே தக்காளிதான். எங்க விளைஞ்சதுங்கறதை வெச்சு அது பண்ணையா கடையான்னு முடிவாகும்!

கிளார்க்சன் பண்ணைக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1949 சட்டத்தின் கீழ், சிறப்பு இயற்கை அழகுள்ள பகுதின்னு காட்ஸ்வோல்ட்ஸை 1966-ல் அறிவிச்சிருக்காங்க. பண்ணை அதுக்குள்ள இருக்கு. அப்படிப்பட்ட இடத்துக்கு அந்த ரெஸ்டாரண்டோட அமைவிடமும் அளவும் பொருந்தாதுன்னு கவுன்சில் சொன்னது. குறுகலான கிராமத்து ரோட்டுல கார் க்யூ நின்னதும் உண்மை. பக்கத்துல குடியிருக்கிறவங்க கடுப்பானதுல தப்பே இல்லை. 2023-ல் மேல்முறையீட்டுல, கார் பார்க்கிங் மாதிரி சில விஷயங்களுக்கு மூணு வருஷ அனுமதி கிடைச்சது. ரெஸ்டாரண்ட் கிடைக்கல.

என்னைக் கேட்டா, கவுன்சில் தன்னோட ரூல்புக்கைச் சரியாத்தான் ரன் பண்ணுச்சு. பிரச்சினை அந்த 1942 நம்பிக்கையில இருக்கு. 1,000 ஏக்கர் வெச்சிருந்த கிளார்க்சனுக்கு முதல் சீசன் முடிவுல கணக்குப் பாத்தப்ப கிடைச்ச லாபம் 144 பவுண்டு. விவசாயம் மட்டும் கிராமத்தைத் தாங்கும்னா இந்த நம்பர் வராது. அவருக்கு டிவி பணம் இருக்கு. குத்தகைக்கு ஐம்பது ஏக்கர் எடுத்து உழுறவருக்கு அந்தக் கடைதான் மாசச் சம்பளம்.

2024 மே மாசம் அரசு விதியைத் தளர்த்துச்சு. பண்ணைக் கட்டடங்களைக் கடை மாதிரி தொழில்களுக்கு மாத்தற வரம்பு 500 சதுர மீட்டர்லேர்ந்து 1,000 ஆச்சு. பத்திரிகைகள் அதுக்கு 'கிளார்க்சன் கிளாஸ்'னு பேர் வெச்சாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல கிளார்க்சன், ஆஸ்தால் பக்கத்துல தான் வாங்கின ஒரு இடத்துல, பிரிட்டிஷ் விவசாயிகளோட விளைச்சலை வெச்சே சாப்பாடு போட ஆரம்பிச்சார். அது பண்ணை இல்லை, கொட்டகை இல்லை. ஏற்கெனவே பப்பா இருந்த ஒரு பப்.