79-ஆவது பிரிவு கடந்து வந்த பாதை

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று அமலுக்கு வந்தது. அதன் 79-ஆவது பிரிவை அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒரு தளத்தில் யாரோ எதையோ ஏற்றிவிட்டால் தளக்காரரைத் தண்டிக்கலாமா என்பதற்கு அது பதில் சொன்னது: தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முடிந்ததையெல்லாம் செய்தேன் என்றோ அவர் நிரூபித்தால் தப்பலாம். அதுவும் இந்தச் சட்டத்தில் சொன்ன குற்றங்களுக்கு மட்டும். இந்திய தண்டனைச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 79 துணைக்கு வராது.

அதன் முதல் பெரிய சோதனை 2004 நவம்பர் 27, சனிக்கிழமை வந்தது. பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தில், பள்ளி மாணவர்களின் அந்தரங்கத்தைப் பதிந்த வீடியோ ஒன்றை ஐஐடி கரக்பூர் மாணவர் ஒருவர் 125 ரூபாய் விலை போட்டு விற்பனைக்கு வைத்தார். ஆபாசச் சொற்களைப் பிடிக்கும் வடிகட்டி தளத்தில் இருந்தது. அதன் கண்ணில் படாமலிருக்க, 'புத்தகங்கள், பத்திரிகைகள்' பிரிவில் மின்நூல் என்று பட்டியலிட்டிருந்தார். அன்றிரவே ஒருவர் தளத்துக்குப் புகார் அனுப்பினார். நடுவில் ஞாயிறு. திங்கள் காலைதான் அந்த விற்பனைப் பக்கம் நீக்கப்பட்டது. டிசம்பரில் தளத்தின் தலைமை நிர்வாகி அவ்னிஷ் பஜாஜைக் கைது செய்தது டெல்லி போலீஸ்.

எனக்கு இந்த வழக்கில் உறுத்துவது அந்த இரண்டு நாள் தாமதம். ஒரு சிறுமியின் வாழ்க்கை கடைச்சரக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும்போது திங்கள் வரட்டும் என்று புகாரைக் கிடப்பில் போட்டது தவறுதான். அதற்குத் தலைமை நிர்வாகியைச் சிறையில் வைப்பதுதான் பரிகாரமா என்பது வேறு கேள்வி. 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதர் அவரை இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளிலிருந்து விடுவித்தார்; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவில் வழக்கு தொடரலாம் என்றார். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் நிர்வாகியை மட்டும் சேர்த்தது செல்லாது என்பதே காரணம். தளக்காரரின் பொறுப்பு எதுவரை என்ற மூலக் கேள்விக்கு, எட்டாண்டு நடந்த வழக்கில் பதில் கிடைக்கவேயில்லை.

அதற்குள் பிரிவே மாறிவிட்டது. மும்பைத் தாக்குதல் நடந்த அடுத்த மாதம், 2008 டிசம்பரில், நாடாளுமன்றம் திருத்தத்தை விவாதமின்றி நிறைவேற்றியது. 2009 அக்டோபர் 27 முதல் அமலான புதிய 79, வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் தளக்காரருக்குக் காப்பு உண்டு என்றது. சட்டவிரோதமானது தளத்தில் இருப்பதாகத் தெரிய வந்தும் நீக்காவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். (அதற்கு முந்தைய அவதூறு வழக்கு ஒன்றில் பழைய பிரிவுதான் பொருந்தும் என்று 2019-இல் கூகுளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.)

'தெரிய வந்தது' என்று எப்போது சொல்வது? யார் சொன்னால் தெரிந்ததாக அர்த்தம்? 2011 விதிகள், பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் யார் எழுதினாலும் போதும், 36 மணி நேரத்தில் நடவடிக்கை எடு என்றன. இழிவுபடுத்துவது, கடும் தீங்கானது என்று எதையும் அடக்கும் சொற்கள் அந்த விதிகளில் இருந்தன. பெங்களூரு இணையம் மற்றும் சமூக மையத்துக்காக ரிஷப் தாரா ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே ஓட்டையான நீக்கல் நோட்டீஸ்களைத் தயாரித்து ஏழு நிறுவனங்களுக்கு அனுப்பினார். அவற்றில் ஆறு, தேவைக்கும் மேலாகவே நீக்கிவிட்டன. பிறர் எழுதிய ஒரு வரிக்காக எந்த நிறுவனம் வக்கீல் வைத்து வாதாடும்?

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் இந்த அநியாயத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் தளக்காரருக்குத் 'தெரிய வந்ததாக' ஆகும் என்றார்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற 66ஏ பிரிவு ஒழிந்ததற்காகவே அந்தத் தீர்ப்பை நினைவில் வைத்திருக்கிறோம். எழுதுகிறவர்களுக்கு 79 பற்றிய அந்தப் பத்திகளும் அதே அளவு முக்கியம் என்பேன்.

பிறர் பதிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வாட்ஸ்அப் வரை இறங்கி வந்தது. கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றில் உறுப்பினர் போட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்குப் பாய்ந்தது. அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லையென்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று 2021 டிசம்பரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். குடும்பக் குழு, தெருக்குழு என்று நடத்துகிற எல்லோருக்கும் அது நிம்மதி.

ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் எதிர்த்திசையில் போயிருந்தன. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் இந்தியாவில் இணக்க அதிகாரி ஒருவரை வைக்க வேண்டும். தளம் தவறினால் அவர் மீதே வழக்கு வரலாம். வாட்ஸ்அப் போன்றவை ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி யோசனை சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றில் 2019-இலேயே பேசப்பட்டது. அது சாத்தியம்தான் என்று ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி அங்கே அறிக்கை தந்திருந்தார்.

இப்போது 79 வந்து நிற்கும் இடம் சஹ்யோக். உள்துறை அமைச்சகம் 2024-இல் தொடங்கிய இந்தத் தளத்தின் வழியாக, அதிகாரம் பெற்ற அதிகாரிகள் நிறுவனங்களுக்கு நேரடியாக நீக்கல் நோட்டீஸ் அனுப்புகிறார்கள். அரசு 69ஏ பிரிவின்கீழ் ஒரு பதிவை முடக்குவதென்றால் குழு கூட வேண்டும், காரணம் எழுத வேண்டும், மறுதரப்பைக் கேட்க வேண்டும். 79 வழியில் குழுவும் கிடையாது, மறுதரப்பைக் கேட்பதும் கிடையாது. இதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட மனுவை 2025 செப்டம்பர் 24 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு 2011 விதிகளைப் பற்றியது, 2021 விதிகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்றது. மேல்முறையீடு செய்யப்போவதாக எக்ஸ் அறிவித்தது.

பாஸி தளத்தில் நடந்ததுபோல் ஒன்று நடந்தால் சில மணி நேரத்தில் நீக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. அரசை விமர்சித்து ஒருவர் எழுதியதையும் அதே வேகத்தில், அதே வழியில் நீக்க முடிவதுதான் கவலை. எக்ஸ் தன் வணிகத்துக்காக வாதாடும், அரசு தன் அதிகாரத்துக்காக வாதாடும். நீக்கப்பட்ட பதிவை எழுதியவருக்கும் ஒரு நோட்டீஸ் போக வேண்டும், காரணம் எழுத்தில் கிடைக்க வேண்டும், கேள்வி கேட்க அவகாசம் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தப் பிரிவில் அதற்கு ஒரு வரிகூடச் சேர்க்கப்படவில்லை.