பூச்சியமும் இன்மையும்

மெய், பொய் என்னும் இரண்டையும் ஒன்று, பூச்சியம் என்னும் எண்களாற் குறித்து அளவையியலைக் கணிதத்தோடு இணைத்த பெருமை ஜோர்ஜ் பூலுக்கு உரியது. அவரது பெருநூல் 1854இல் வெளிவந்தது. அக்குறியீடு கணினி மொழிகளுட் புகுந்தபோது, பூச்சியம் என்னும் பெறுமானத்தையும் ‘இல்லை’ என்னும் விடையையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கமும் உடன் புகுந்தது. இவ்வழக்கம் இடறிய இடமொன்றைப் பைதன் மொழியின் வரலாறு காட்டுகின்றது.

பைதனில் எப்பொருளையும் நிபந்தனையாக இட்டு மெய்யோ பொய்யோ என வினவலாம். வெற்றுப் பட்டியல் பொய், பூச்சியமும் பொய். 2003இல் வெளிவந்த 2.3 ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட திகதி, நேர நிரல்நூலகம் இவ்விதியை நேரத்துக்கும் விரித்தது. குறித்த நேரத்திலிருந்து, கிரீன்விச் நேரத்துக்கும் அவ்விடத்து நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்தபின் எஞ்சுவது பூச்சியமாயின், அந்நேரம் பொய்யெனப்பட்டது. வேறுபாடு குறிக்கப்படாதவிடத்து நள்ளிரவு பொய்யாயிற்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இவ்விதியைப் பொருத்தினால் விளைவு இதனினும் விந்தையானது. இலங்கையின் நியம நேரம் 1996இல் இருமுறை மாற்றப்பட்டு, கிரீன்விச்சுக்கு 6 மணி முந்தியதாய் நின்றது. 2006 ஏப்பிரலில் ஐந்தரை மணிக்கு மீண்டது. ஆகவே, அவ்வேறுபாட்டைத் தாங்கிய நேரப்பொருள்களுள் முன்னர்க் காலை 6.00 மணியும், பின்னர்க் காலை 5.30 மணியும் பொய்யாயின. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குக் காலை 5.30க்குப் புறப்படும் பேருந்தொன்றைக் கொள்க. ‘நேரம் தரப்பட்டுள்ளதா?’ என நேரப்பொருளையே நிபந்தனையாக்கி வினவும் செய்நிரல், தரப்படவில்லை என்றே முடிவு செய்யும். 5.29க்கும் 5.31க்கும் இவ்விடர் இல்லை. ஆதலின் சோதனைகளில் இஃது எளிதில் அகப்படாது.

2012இல் இது பிழையென முறையிடப்பட்டது. ஆவணத்தில் எழுதப்பட்ட விதியாதலின் பிழையன்று எனக் கூறி அம்முறையீடு முதலில் முடித்துவைக்கப்பட்டது. 2014இல் விவாதம் மீண்டெழுந்து, மாற்றம் ஏற்கப்பட்டது. 2015 செப்ரெம்பரில் வெளிவந்த 3.5 ஆம் பதிப்பிலிருந்து எல்லா நேரங்களும் மெய்யாயின.

எண்ணிக்கையிற் பூச்சியம் இன்மையைக் குறிக்கும். நேரத்திலோ அது மனிதர் உடன்பாட்டால் நாட்டிய தொடக்கப் புள்ளி மாத்திரமே. அரசாணையொன்றால் அரைமணி நகரும் புள்ளியை உண்மைக்கும் இன்மைக்கும் எல்லையாக வைத்ததே நூலகத்தார் செய்த தவறு. விதி எழுதப்பட்டிருந்தது என்பது அதன் பொருத்தத்துக்குச் சான்றாகவில்லை. அதனைத் திருத்தப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.