ஏழில் ரெண்டு: ஆசிய விளையாட்டுப் போட்டியில் பில்லியர்ட்ஸ் இருந்த பன்னிரண்டு வருஷம்

இன்னைக்கு ஒரு க்விஸ்ஸோட ஆரம்பிக்கலாம். 1998, பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தியா மொத்தம் 7 தங்கம் ஜெயிச்சது. எந்த ஏழு?

போன வாரம் ஆபீஸ்ல டீ குடிக்கும்போது இதைக் கேட்டேன். தன்ராஜ் பிள்ளை கேப்டனா இருந்த ஹாக்கி டீமை ஒருத்தர் டக்குனு சொல்லிட்டார். கபடியும் உடனே வந்துடுச்சு. பாக்ஸிங்கில் டிங்கோ சிங், கொஞ்சம் யோசிச்ச பிறகு வந்தது. 800 மீட்டர், 1500 மீட்டர் ரெண்டுலயும் ஜெயிச்ச ஜோதிர்மயி சிக்தரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆக, அஞ்சு. மீதி ரெண்டை, போனை எடுத்துத் தேடாம யாராலும் சொல்ல முடியல.

அந்த ரெண்டும் பில்லியர்ட்ஸ். ஒற்றையரில் அசோக் ஷாண்டில்யா தங்கம், கீத் சேத்தி வெள்ளி. இரட்டையரில் அதே ரெண்டு பேரும் ஜோடி சேர்ந்து இன்னொரு தங்கம். ஏழில் ரெண்டு. ஒரு நாட்டோட மொத்தத் தங்கத்தில் கால்வாசிக்கும் மேல ஒரு டேபிள்ல இருந்து வந்திருக்கு, அதைச் சுத்தமா மறந்துட்டோம்.

இந்த எபிசோடு அந்த டேபிளைப் பத்திதான்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் மூணும் வேற வேற ஆட்டம். நம்ம ஊர் பார்லர்கள்ல பெரிய பச்சை டேபிள்ல 15 சிவப்புப் பந்து, மத்த கலர் பந்துகள்னு அடுக்கி வச்சு ஆடறாங்களே, அது ஸ்னூக்கர். சின்ன டேபிள்ல நம்பர் போட்ட பந்துகளை வச்சு ஆடறது பூல். இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ்ல மொத்தமே மூணு பந்துதான்: ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. உங்க பந்து மத்த ரெண்டு பந்தையும் தொட்டா 2 பாயின்ட். சிவப்பைக் குழியில போட்டா 3. சிவப்பைத் தொட்டுட்டு உங்க பந்தே போய்க் குழியில விழுந்தாலும் 3. ஸ்னூக்கர்ல அது ஃபவுல், இங்கே அதுக்குப் பரிசு!

கேட்க ஈஸியா இருக்கும். ஆனா நல்லா ஆடத் தெரிஞ்ச ஒருத்தர் உள்ளே இறங்கிட்டா வெளியே வரமாட்டார். 1992 உலகத் தொழில்முறை சாம்பியன்ஷிப்பில் கீத் சேத்தி ஒரே பிரேக்கில் 1276 பாயின்ட் எடுத்தார். எதிராளி நாற்காலியில உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். டிவிக்கு இதைவிட மோசமான ஆட்டம் கிடைக்காது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஸ்னூக்கர் பிறந்தது இந்தியாவில. 1875-ல் ஜபல்பூரில், மழைக்காலத்துல பொழுது போகாம உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள், அப்போ இருந்த ஆட்டங்கள்ல புதுசா கலர் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தாங்க. அதுல ஒருத்தர் நெவில் சேம்பர்லின். இங்கிலாந்தில் வுல்விச் ராணுவ அகாடமியில முதல் வருஷப் பையன்களை 'ஸ்னூக்கர்'னு கிண்டல் பண்ணுவாங்களாம். ஈஸியான பந்தை ஒருத்தர் தவறவிட்டதும் சேம்பர்லின் அவரை அப்படிக் கூப்பிட, ஆட்டத்துக்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. அதாவது இந்த ஆட்டத்தோட பேருக்கு அர்த்தம், நம்ம காலேஜ் பாஷையில 'ஜூனியர்'.

பிறகு சேம்பர்லின், மெட்ராஸ் ராணுவத் தளபதி ராபர்ட்ஸோட உதவியாளராக வந்தார். கோடைக்கு ஊட்டி. ஊட்டி கிளப்போட பில்லியர்ட்ஸ் அறையில்தான் 1882-ல் ஸ்னூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. இந்தக் கதையை அவரே 1938-ல் ஒரு பத்திரிகைக்குக் கடிதமா எழுதினார். அந்தச் சமயத்துல பிரிட்டன் பிரதமர் பேரும் நெவில் சேம்பர்லின்தான். அவர் வேற, இவர் வேற. நான் ஒரு மணி நேரம் குழம்பினேன், நீங்க குழம்ப வேண்டாம்.

ஆக, பில்லியர்ட்ஸ் பிரிட்டிஷ்காரன் கொண்டு வந்தது, ஸ்னூக்கர் அவன் இங்கேயே உட்கார்ந்து உருவாக்கினது. ரெண்டும் கிளப் ஆட்டம், கோட்டு போட்டவங்க ஆட்டம். அது எப்படி ஆசிய விளையாட்டுக்குள்ள வந்தது?

ஆசிய விளையாட்டுப் போட்டியில எதெல்லாம் இருக்கணும்னு ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலும் போட்டியை நடத்தற நாடும் சேர்ந்து முடிவு பண்ணுவாங்க. ஒலிம்பிக் ஆட்டங்கள் பெரும்பாலும் இருந்தே தீரும். அதுக்கு மேல இருக்கிற கொஞ்ச இடத்துக்குத்தான் போட்டி. அங்கே நடத்தற நாட்டோட ஆசைக்கு மதிப்பு உண்டு. 1998-ல் நடத்தினது தாய்லாந்து. அந்த நாட்டின் ஜேம்ஸ் வாட்டனா 90-களில் உலகத் தரவரிசையில் மூணாவது இடம் வரைக்கும் போன ஸ்னூக்கர் வீரர், அங்கே சூப்பர் ஸ்டார். அப்படிப்பட்ட ஊர்ல க்யூ ஸ்போர்ட்ஸ் முதல்முறையா ஆசிய மேடை ஏறினதுல ஆச்சரியம் இல்லை. ஸ்னூக்கர், பூல், குழியே இல்லாத டேபிள்ல ஆடற கேரம் எல்லாம் ஒரே குடைக்குக் கீழே. அந்தக் குடையில நம்ம இங்கிலீஷ் பில்லியர்ட்ஸுக்கும் ஒரு மூலை கிடைச்சது.

2002-ல் பூசான். ஸ்னூக்கர் ஒற்றையர் தங்கத்தை ஜெயிச்சது 15 வயசு சீனப் பையன், பேர் டிங் ஜுன்ஹுய். 2006 தோஹாவில் அதே டிங் மூணு தங்கம். சீனாவில் ஸ்னூக்கர் எங்கேயோ போயிடுச்சு. நான் என்ன நினைக்கிறேன்னா, ஆசியத் தங்கம் மாதிரி ஒரு பதக்கம் நம்மள மாதிரி நாடுகள்ல ஒரு சர்டிஃபிகேட் வேலையைச் செய்யுது. 'இது சூதாட்டம் இல்லை, விளையாட்டுதான்'னு பெத்தவங்ககிட்டயும் அரசாங்கத்துகிட்டயும் காட்டற காகிதம் அது.

அதே தோஹாவில், பெங்களூர்க்காரர் ஒருத்தர் 21 வயசில் பில்லியர்ட்ஸ் ஒற்றையர் தங்கம் ஜெயிச்சார். பங்கஜ் அத்வானி.

2010 குவாங்சோ போட்டிதான் எனக்கு நேரடியா ஞாபகம் இருக்கு. அப்போ நான் ஒன்பதாவது படிச்சேன். ஒரு மாசம் முன்னாடிதான் டெல்லி காமன்வெல்த் போட்டி முடிஞ்சு, வீட்ல எல்லாரும் பதக்கப் பட்டியல் மயக்கத்துல இருந்தோம். நவம்பர் 13, போட்டிகள் தொடங்கின மறுநாள். இந்தியாவுக்கு முதல் தங்கம் வந்தது. துப்பாக்கி சுடுதலா இருக்கும்னு அப்பா சொன்னார். பார்த்தா பில்லியர்ட்ஸ்! ஃபைனலில் மியான்மரின் நே துவே ஊவை 3-2ன்னு பங்கஜ் தோற்கடிச்சிருந்தார். ஒவ்வொரு ஃப்ரேமும் வெறும் 100 பாயின்ட். 1276 எடுக்கிற ஆட்டத்தை டிவிக்காக, நேரத்துக்காக இப்படி நறுக்கியிருந்தாங்க. 100 பாயின்ட்ங்கிறது நல்ல வீரருக்குச் சில நிமிஷ வேலை. ஒரு தப்பு பண்ணினா ஃப்ரேமே போச்சு. அப்படி ஒரு ஃபார்மட்ல அடுத்தடுத்து ரெண்டு ஆசியத் தங்கம் எடுக்கிறது சாதாரணம் இல்லை.

எதிராளி ஏன் மியான்மர்க்காரர்? இங்கேதான் எனக்குச் சிக்கல் தெரியுது. இந்தியா, மியான்மர், சிங்கப்பூர்... பில்லியர்ட்ஸ் நல்லா ஆடற நாடுகளை மேப்ல குறிச்சா, பழைய பிரிட்டிஷ் சாம்ராஜ்ய மேப் வந்துடும். ஜப்பான், கொரியா எல்லாம் கேரம் பக்கம். சீனாவுக்கு ஸ்னூக்கர். அந்த குவாங்சோவிலேயே ஸ்னூக்கர் ஒற்றையர் ஃபைனலில் டிங்கை அவரோட சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னாடி ஹாங்காங்கின் மார்க்கோ ஃபூ தோற்கடிச்சார். அதுதான் அங்கே பெரிய செய்தி. நம்ம பில்லியர்ட்ஸ் ஒரு ஓரத்துல நடந்த குடும்ப விசேஷம் மாதிரி.

குவாங்சோவில் மொத்தம் 42 விளையாட்டுகள். ரொம்ப ஜாஸ்தினு ஆசிய ஒலிம்பிக் கவுன்சில் குறைக்க முடிவு பண்ணினது. 2014 இன்சியான் போட்டியில 36. வெட்டுப்பட்டதுல க்யூ ஸ்போர்ட்ஸ் மொத்தமும் போச்சு. செஸ்ஸும் போச்சு.

அந்த 2014-ல் நான் சென்னைக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல முதல் வருஷம், அதாவது ஒரிஜினல் அர்த்தத்துல ஒரு ஸ்னூக்கர். காலேஜ்ல இருந்து ரெண்டு ஸ்டாப் தள்ளி, ஒரு பேக்கரிக்கு மாடியில ரெண்டு டேபிள் வச்ச பார்லர். அங்கேதான் ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர் பழக்கமானார். நாங்க பந்தைக் குத்துவோம், அவர் ஆடுவார். க்யூவைப் பிடிச்சுக் குனிஞ்சாருன்னா பார்லரே அமைதியாயிடும். வெளியூர்ல ஒரு போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார். அஞ்சு நாள் லீவு வேணும், அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே 75 சதவீதத்துல ஊசலாடுது. விளையாட்டுக்குப் போறவங்களுக்குக் குடுக்கிற ஓ.டி. கேட்டுப் பி.டி. சார் ரூமுக்குப் போனார். துணைக்கு நான்.

சார் நல்ல மனுஷர்தான். மேஜையில இருந்த லிஸ்ட்டை எடுத்துப் பார்த்துட்டுக் கேட்டார்: "தம்பி, இது ஏசியன் கேம்ஸ்ல இருக்கா?"

"போன தடவை வரைக்கும் இருந்துச்சு சார். நமக்கு கோல்டு கூட வந்துச்சு."

"இப்போ?"

அண்ணன் பதில் சொல்லல. அந்த வாரம் இன்சியான் போட்டி டிவியில ஓடிட்டிருந்தது. ஓ.டி. கிடைக்கல, அவர் போட்டிக்குப் போகவும் இல்ல.

எங்கேயோ ஒரு கமிட்டி 42-ஐ 36 ஆக்கினா அது இப்படித்தான் கீழே வந்து சேரும். நான் வேலை பார்க்கிற சாஃப்ட்வேர்லயும் இது உண்டு. ரிலீஸ்ல இடம் இல்லேன்னு ஒரு ஃபீச்சரைத் தூக்குவோம், அதை யார் பயன்படுத்திட்டிருந்தாங்கன்னு யாரும் கேட்கறதில்ல.

நியாயமா பார்த்தா பில்லியர்ட்ஸைத் தூக்கினதுக்குக் காரணம் இருக்கு. ஆடற நாடு கம்மி, பார்க்கிற ஆள் அதைவிடக் கம்மி. ஆனா அந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி போடப்பட்டதான்னு எனக்குச் சந்தேகம். 2018 ஜகார்த்தா போட்டியில் பிரிட்ஜ், ஆமாம் சீட்டுக்கட்டு பிரிட்ஜ், உள்ளே வந்தது. இந்தோனேசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான பம்பாங் ஹார்டோனோ பிரிட்ஜ் பிரியர். அதைச் சேர்க்கப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 78 வயசில் தானே ஆடி வெண்கலமும் வாங்கினார்! நம்ம பிரணாப் பர்தன் 60 வயசில், ஷிப்நாத் சர்க்காரோட சேர்ந்து அதுல தங்கம் வாங்கினார். எனக்கு அதுல சந்தோஷம்தான். அப்புறம் ஹாங்சோவில் செஸ் திரும்பி வந்தது, இ-ஸ்போர்ட்ஸ் பதக்கத்தோட வந்தது. பில்லியர்ட்ஸுக்காகத்தான் ஆள் இல்லை.

தென்கிழக்கு ஆசியப் போட்டியில நிலைமை வேற. அங்கே 1987-லிருந்தே க்யூ ஸ்போர்ட்ஸ் இருக்கு. இங்கிலாந்தில் பிறந்து சிங்கப்பூர் குடிமகனான பீட்டர் கில்கிறிஸ்ட், பில்லியர்ட்ஸில் சிங்கப்பூருக்குப் பல முறை தங்கம் வாங்கிக் கொடுத்திருக்கார். 2022 மே மாசம் ஹனோயில் நடந்த போட்டிக்கு பிலிப்பைன்ஸ் ஜாம்பவான் எஃப்ரன் ரேயஸ் வந்தார், வயசு 67. பதக்கம் கிடைக்கல. ஆனா அவர் ஆடறதைப் பார்க்க வியட்நாம் ரசிகர்கள் அரங்கத்துல முண்டியடிச்சாங்க. எதிர் நாட்டுக்காரரை! அந்த வீடியோவைப் பாருங்க, பதக்கப் பட்டியல்ல அது தெரியாது.

நம்ம பக்கம் என்ன ஆச்சு? குவாங்சோ ஸ்னூக்கர் ஒற்றையரில் வெண்கலம் வாங்கின ஆதித்ய மேத்தா, 2013-ல் ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டங்களுக்காக நடக்கிற வேர்ல்ட் கேம்ஸில் தங்கமே வாங்கினார். எத்தனை பேருக்குத் தெரியும்? கீத் சேத்தி, பிரகாஷ் படுகோனேயோட சேர்ந்து ஒலிம்பிக் கோல்ட் குவெஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். இந்திய வீரர்கள் ஒலிம்பிக் பதக்கம் வாங்க உதவற அமைப்பு. தன்னோட ஆட்டம் ஒலிம்பிக் பக்கமே போனதில்லைன்னு தெரிஞ்ச மனுஷன் செய்ற வேலை அது. அதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன்.

குவாங்சோவில் ஜெயிச்சப்போ பங்கஜ் அத்வானிக்கு 25 வயசு. அதுக்கப்புறம் உலகப் பட்டங்களா குவிச்சார். 2024 நவம்பரில் தோஹாவில் ஜெயிச்சது அவரோட 28-வது உலகப் பட்டம். ஆசியத் தங்கம் மட்டும் அதே ரெண்டுல நிக்குது.

அந்த 28-வது செய்தி வந்த அன்னைக்கு ராத்திரி அண்ணன் போன் பண்ணினார். இப்போ அவர் கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில இருக்கார். "பாத்தியாடா?" ன்னார். பார்த்தேன்ணான்னேன். காலேஜை விட்டுப் போகும்போது அவர் என்கிட்ட குடுத்த க்யூவைப் பத்திக் கேட்டார். ரெண்டு துண்டா கழற்றி உறையில போட்டு அலமாரிக்குப் பின்னாடிதான் வச்சிருக்கேன். முனைத் தோல் மட்டும் காய்ஞ்சு போயிருக்குன்னு சொன்னேன்.

"மாத்தி வை, பொங்கலுக்கு வரேன்" ன்னு சொல்லிட்டு வச்சுட்டார்.