ரிவார்டு பாயிண்ட் யாருடைய சொத்து? புட்டிங் கப்பில் இருந்து சுப்ரீம் கோர்ட் வரை

போன வாரம் எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. என் கிரெடிட் கார்டுல இருந்த 6,000 சொச்சம் ரிவார்டு பாயிண்ட் காலாவதி ஆகிடுச்சாம். ரெண்டு வருஷமா "சேரட்டும், ஒரு நல்ல டிரிப்புக்கு வெச்சுக்கலாம்"னு தொடாம விட்டு வெச்சது. எந்த பேங்க்னு சொல்லப் போறதில்லை. தப்பு என் மேலயும்தான். ஆனா ஒரு கேள்வி மட்டும் மனசுல நின்னுடுச்சு: நான் செலவு பண்ணிச் சம்பாதிச்ச பாயிண்ட்டை இன்னொருத்தர் எப்படி அழிக்க முடியும்? அது யாருடைய சொத்து? இன்னைக்கு எபிசோடு அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

12,150 கப் புட்டிங்

1999-ம் வருஷம், அமெரிக்காவில் கலிஃபோர்னியா. டேவிட் ஃபிலிப்ஸ் ஒரு சிவில் இன்ஜினியர். சூப்பர் மார்க்கெட்டில் ஹெல்தி சாய்ஸ் கம்பெனியின் ஒரு சலுகையைப் பார்க்கிறார். அவர்கள் பொருட்களின் பார்கோடு 10 வெட்டி அனுப்பினால் 500 விமான மைல். மே மாதத்துக்குள் அனுப்பினால் அது டபுள், அதாவது 1,000 மைல்.

எல்லாரும் அந்த நோட்டீஸைப் பார்த்திருப்பாங்க. இவர் மட்டும் கணக்குப் போட்டார். அந்த பிராண்டில் எது ரொம்ப மலிவு? தேடினதில் ஒரு தள்ளுபடிக் கடையில் 25 சென்ட்டுக்கு சாக்லேட் புட்டிங் கிடைத்தது. ஊர் ஊராகப் போய் மொத்தம் 12,150 கப் வாங்கினார். கடைக்காரர்கள் சந்தேகப்பட்டால், 2000-ம் வருஷப் பிரச்னைக்காக உணவு சேர்த்து வைக்கிறேன் என்று ஒரு கதை. அவ்வளவு லேபிளையும் உரிக்க ஆள் வேண்டுமே? சால்வேஷன் ஆர்மி தொண்டு நிறுவனத்திடம் போனார். புட்டிங் எல்லாம் உங்களுக்கு, லேபிளை மட்டும் உரித்துக் கொடுங்கள் என்று டீல் பேசினார்.

செலவு சுமார் 3,140 டாலர். கிடைத்தது 12.5 லட்சம் மைலுக்கும் மேல். நன்கொடைக்காக வருமான வரியில் கழிவும் வாங்கினார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குள் போய்வர 25,000 மைல் போதும். 250 கப் புட்டிங், 62 டாலர் 50 சென்ட், ஒரு ரிட்டர்ன் டிக்கெட்! 2002-ல் வந்த 'பஞ்ச் ட்ரங்க் லவ்' படத்தில் புட்டிங் வாங்கும் ஹீரோவுக்கு இவர்தான் மூலம்.

சரி, ஒரு புட்டிங் கம்பெனி கையில் விமான மைல் எப்படி வந்தது? அதுக்குக் கொஞ்சம் பின்னால போகணும்.

போட்டி வந்ததும் வந்த பாயிண்ட்

வாங்கினதுக்குப் பரிசு தருவது புது ஐடியா இல்லை. அமெரிக்காவில் 1896-லேயே ஸ்பெரி அண்ட் ஹட்சின்சன் கம்பெனி பச்சை ஸ்டாம்ப் விற்க ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் அதை வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுப்பார். அவர் நோட்டில் ஒட்டிச் சேர்த்து, பாத்திரமோ பண்டமோ வாங்கிக்கொள்வார்.

விமானத்துக்கு அது தேவைப்படவே இல்லை. ஏன்னா 1978 வரைக்கும் அமெரிக்காவில் டிக்கெட் விலையையும் ரூட்டையும் ஒரு அரசு வாரியம்தான் முடிவு பண்ணியது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டுப்பாடு போச்சு. புதுப்புது கம்பெனிகள் மலிவு விலையோடு வந்தன. பயணிகள் விலை பார்த்துத் தாவ ஆரம்பித்தார்கள்.

தாவாமல் பிடித்து வைப்பது எப்படி? 1981 மே 1-ம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏஅட்வான்டேஜ்' திட்டத்தைக் கொண்டு வந்தது. தங்கள் ரிசர்வேஷன் கம்ப்யூட்டரில் ஒரே போன் நம்பர் திரும்பத் திரும்ப வரும் புக்கிங்குகளைத் தேடி, அடிக்கடி பறப்பவர்களைக் கண்டுபிடித்தார்கள். சில நாளிலேயே யுனைடெட்டும் தன் திட்டத்தோடு வந்துவிட்டது.

இதில் ரெண்டு சாமர்த்தியம். ஒண்ணு, எப்படியும் காலியாகப் போகிற சீட்டைக் கொடுத்தால் விமான கம்பெனிக்கு ஆகும் கூடுதல் செலவு ரொம்பக் கம்மி. ரெண்டு, ஆபீஸ் வேலையாகப் பறப்பவருக்கு டிக்கெட் பணம் கட்டுவது முதலாளி, மைல் சேர்வது ஊழியர் பெயரில். அப்புறம் அவர் ஏன் மலிவு விமானத்தைத் தேடப் போகிறார்?

வங்கி உள்ளே வந்த கதை

1987-ல் சிட்டிபேங்க் அமெரிக்கனோடு சேர்ந்து ஒரு கார்டு கொண்டு வந்தது. 1 டாலர் செலவுக்கு 1 மைல். இங்கதான் எல்லாம் மாறுது. மைல் சம்பாதிக்க இனி பறக்கவே வேண்டாம், மளிகை வாங்கினால் போதும்.

அந்த மைலை வங்கி சும்மா தரவில்லை. விமான கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கித் தருகிறது. அந்தக் காசில் பெரும்பங்கு, ஒவ்வொரு ஸ்வைப்புக்கும் கடைக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்தும், பாக்கி வைப்பவர் கட்டும் வட்டியிலிருந்தும் வருகிறது. ஐரோப்பிய யூனியன் 2015-ல் அந்தக் கட்டணத்துக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. அங்கே கார்டு சலுகைகள் அமெரிக்கா அளவுக்கு இல்லாததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, விமான கம்பெனி சொந்தமாக ஒரு கரன்சி அச்சடித்து விற்க ஆரம்பித்துவிட்டது. புட்டிங் கம்பெனி வாங்கியதும் அதைத்தான்.

கரன்சி என்றால் அதில் விளையாடுகிறவர்களும் வருவார்கள் இல்லையா? அமெரிக்க நாணயச் சாலை 1 டாலர் நாணயத்தைப் பிரபலப்படுத்த, டெலிவரி கட்டணம் இல்லாமல் வீட்டுக்கே அனுப்பியது. கார்டில் 250 டாலர் கட்டினால் 250 நாணயம். மைல் வேட்டைக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலே பேங்கில் போட்டு, அதே பணத்தில் கார்டு பில்லைக் கட்டினார்கள். மைல் மட்டும் மிச்சம். 2011-ல் நாணயச் சாலை கார்டை ஏற்பதையே நிறுத்திவிட்டது.

கோர்ட் என்ன சொன்னது?

இப்போ என் கேள்விக்கு வர்றேன். 1988-ல் அமெரிக்கன் விதிகளை மாற்றியது: இலவச சீட்டுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு, சில தேதிகளில் கிடையவே கிடையாது. ஏற்கெனவே சேர்த்த மைலுக்கும் இதே விதி. உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். 1995-ல் சுப்ரீம் கோர்ட், ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போடலாம், மாநில நுகர்வோர் சட்டத்தின் கீழ் முடியாது என்றது.

அடுத்து கின்ஸ்பெர்க் என்ற யூத மதகுரு. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸில் உயர்நிலை உறுப்பினர். 2008-ல் அவரைத் திட்டத்திலிருந்தே நீக்கினார்கள். காரணம்? அளவுக்கு மீறிப் புகார் செய்கிறார் என்றது கம்பெனி. யார் திட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று தீர்மானிக்கும் உரிமை தங்களுக்கு மட்டுமே என்று விதிகளில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். 'நியாயமாக நடந்துகொள்ள வேண்டும்' என்ற மாநிலச் சட்டக் கொள்கையை வைத்து அவர் போராடினார். 2014-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அதுக்கு அவர்கள் காட்டிய சட்டம் எது தெரியுமா? போட்டி வந்தால் பயணிக்கு நல்லது என்று கொண்டு வந்த அதே 1978 சட்டம்!

2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், பறந்த தூரத்துக்கு மைல் என்பதை விட்டுவிட்டு, கட்டிய விலைக்கு மைல் என்று மாற்றின. யாராலும் தடுக்க முடியவில்லை.

2020-ல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் கடன் வாங்க எதை அடகு வைத்தது தெரியுமா? தன் மைல் திட்டத்தை. அதற்குக் கம்பெனி போட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர், அன்றைக்கு யுனைடெட்டின் மொத்தப் பங்குகளின் சந்தை மதிப்பைவிட அதிகம். அதைக் காட்டி 680 கோடி டாலர் திரட்டினார்கள். நம்ம ஊர்லயும் பாருங்க, 2019 ஏப்ரல் 17-ம் தேதியோடு ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. ஆனால் அதன் பாயிண்ட் திட்டம் தனி கம்பெனியாக இருந்ததால் தப்பித்து, அதே வருஷம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. விமானம் போச்சு, பாயிண்ட் இருந்தது.

சரி, நாம என்ன பண்ணலாம்?

முதல்ல ஃபிலிப்ஸ் மாதிரி கணக்குப் போடுங்க. டிக்கெட் விலையிலிருந்து, பாயிண்ட்டில் எடுத்தாலும் நாம கட்ட வேண்டிய வரியைக் கழிச்சு, கேட்கிற பாயிண்ட்டால வகுங்க. 8,000 ரூபாய் டிக்கெட், வரி 1,000, பாயிண்ட் 10,000 என்றால் ஒரு பாயிண்ட் 70 பைசா. அதே பாயிண்ட்டுக்கு மிக்ஸியோ வவுச்சரோ காட்டுவாங்க. அதையும் இதே மாதிரி வகுத்துப் பாருங்க. எதுல மதிப்பு கூடன்னு உடனே தெரிஞ்சிடும்.

ரெண்டாவது, பல விமான கம்பெனிக்கு மாத்தக்கூடிய பாயிண்ட்டா இருந்தா, டிக்கெட் கைக்கு எட்டுற வரைக்கும் மாத்தாதீங்க. மாத்தினா பெரும்பாலும் திரும்ப வராது. ஒரே கம்பெனியின் விதி மாற்றத்துல மாட்டிக்கவும் வேண்டாம்.

மூணாவது, பில்லை முழுசா கட்ட முடியாத மாசம் இந்த விளையாட்டே வேண்டாம். நம்ம ஊர்ல பல கார்டுகளுக்கு வட்டி மாசத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல. 1 சதவீத பாயிண்ட்டுக்காக 3 சதவீதம் கட்டினா, அடுத்தவங்க டிரிப்புக்கு நாம காசு கொடுக்கறோம்னு அர்த்தம்.

கடைசியா, சேர்த்து வைக்காதீங்க. விதியை எழுதறது அவங்க, விலையை வைக்கறது அவங்க, அழிக்கற பட்டனும் அவங்க கையில. ஃபிலிப்ஸ்கிட்ட கடைசியில் இருந்தது புட்டிங் இல்லை, குடும்பத்தோட போன பயணங்கள்.

இந்த எபிசோடை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் உங்க கார்டு ஆப்பைத் திறந்து, பாயிண்ட் எப்போ காலாவதி ஆகுதுன்னு பாருங்க. நான் பார்க்கலை. அடுத்த வாரம் சந்திப்போம்.