சனியனும் கட்டாரியும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, "ஹாஸ்டல் இட்லியைப் பத்தி மட்டும் வேண்டாம் சார், ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஆகவே, வரலாற்றுத் துறையின் கடைசி பெஞ்சில் இருந்தவன் என்ற ஒரே தகுதியோடு, பணி ஓய்வுக்குப் பின் என்னைப் பிடித்துக்கொண்ட ஒரு பைத்தியத்தைப் பற்றி எழுதத் துணிகிறேன். அது பழைய ராணுவக் கத்திகளைப் பற்றியது. துப்பாக்கி முனையில் மாட்டும் பயனட், அரசவைக்குப் போகிறவர்கள் இடுப்பில் அழகுக்காகச் செருகிய கட்டாரி, இப்படிப்பட்டவை.

பழைய அகராதிகளைப் புரட்டினால் பயனட்டுக்குத் 'துப்பாக்கிச் சனியன்' என்று பொருள் போட்டிருக்கும். இந்தியிலும் உருதிலும் அதற்கு 'சங்கீன்' என்று பெயர். அந்தச் சங்கீன்தான் நம் ஊர் சிப்பாய்களின் வாயில் புகுந்து சனியனாக வெளியே வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. குத்துப்பட்டவனுக்கு அது பொருத்தமான பெயர்தான். இதைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரம்மாவின் உத்தரவு: "என்ன வேணா பண்ணுங்க, சனியனை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

அவருக்கு அந்தக் கவலையே வேண்டாம். என்னிடம் ஒரு கத்திகூடக் கிடையாது. ஆயுதச் சட்டம் 1959-ஐயும், பழைய விதிகளுக்குப் பதிலாக வந்த 2016 விதிகளையும் படித்துப் பார்த்தேன். வாள், குத்துவாள், ஈட்டி வரிசையில் பயனட்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அரசு அறிவிக்கை செய்துள்ள பகுதிகளில் இவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும். நூறாண்டு கடந்த பொருளானால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே நிற்கிறது. அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. மாதப் பென்ஷனில் காலம் தள்ளுகிறவனுக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு? நான் சேர்ப்பது கத்தியை அல்ல, கத்தியின் மேல் இருக்கும் எழுத்தை. கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுப்பது போல, மெல்லிய தாளை இரும்பின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொள்கிறேன். அப்படி ஏழு நோட்டுப் புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது பெரிய பொழுதுபோக்கு. அங்கே தனிச் சந்தை, ஏலம், கையேடு எல்லாம் உண்டு. அதிக விலை போகிறவற்றில் ஒன்று ஜெர்மனியின் ஜோலிங்கன் நகரப் பட்டறைகள் 1933-க்குப் பிறகு நாஜிக் கட்சிப் படைகளுக்குச் செய்து கொடுத்த சீருடைக் குத்துவாள்கள். வென்ற நாட்டுச் சிப்பாய்கள் அவற்றை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பிற்பாடு போலிகள் பெருகின. எனக்கு அந்தச் சரக்கில் ருசியில்லை. நம் பக்கத்து இரும்பிலேயே படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் சனியனைப் பார்ப்போம். பிரான்சின் பயோன் என்ற ஊரின் பெயரிலிருந்து 'பயனட்' வந்தது என்பார்கள். ஆரம்ப காலத்தில் கத்தியின் மரப்பிடியைத் துப்பாக்கிக் குழலின் வாய்க்குள்ளேயே செருகினார்கள். செருகினால் சுட முடியாது, சுட வேண்டுமென்றால் பிடுங்க வேண்டும். 1689-ல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசுப் படை இதைச் செருகி முடிப்பதற்குள் மலைநாட்டார் மேலே வந்து விழுந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் குழலின் வெளிப்புறத்தில் வளையம் போல மாட்டும் பயனட் பரவியது. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் தோளில் சுமந்தது இந்த வகையைத்தான். பதினேழு அங்குல நீளம், முக்கோணக் குறுக்குவெட்டு, வெட்ட உதவாது, குத்த மட்டுமே உதவும். கம்பெனி தன் படைக்கென்று செய்வித்த 'இந்தியா பேட்டர்ன்' துப்பாக்கியையே, பிரெஞ்சு யுத்த நெருக்கடியில் 1797 வாக்கில் இங்கிலாந்து அரசும் தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. அதன் விசைத் தகட்டில் இதய வடிவம் போட்டு, நாலாகப் பிரித்து, உள்ளே கம்பெனியின் எழுத்துக்களைப் பொறித்திருப்பார்கள். 1808-க்குப் பின் இதயம் போய்ச் சிங்கம் வந்தது.

கெங்கவல்லிக்காரனான எனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பச்சைமலையும் கொல்லிமலையும் கண்ணுக்குத் தெரிய, சுவேத நதிக் கரையில் கிடக்கும் எங்கள் ஊர், ஆத்தூர்ச் சீமையைச் சேர்ந்தது. ஆத்தூர்க் கோட்டை பதினேழாம் நூற்றாண்டில் கெட்டி முதலிகள் கட்டியது. 1768-ல் கம்பெனியின் கர்னல் வுட் அதைப் பிடித்தார்; அந்த வருஷக் கடைசியிலேயே ஹைதர் அலி திரும்பப் பிடித்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் சேலமும் பாரமஹாலும் நிரந்தரமாகக் கம்பெனி வசம் போயின. படைகள் இவ்வளவு போய்வந்த மண்ணில் இரும்பு விழாமலா இருந்திருக்கும்? ஆனால் தேடிப் பார்த்தால் ஒன்றும் அகப்படுவதில்லை. எங்கே போயிற்று என்பதுதான் என்னைப் பிடித்தாட்டும் கேள்வி.

இரும்புக்குப் பஞ்சமில்லாத ஜில்லா நம்முடையது. கஞ்சமலை இரும்புக் கல்லைப் பற்றி மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். தேனிரும்புத் துண்டுகளை மண் குகையில் போட்டு, காய்ந்த ஆவாரம் விறகைச் சேர்த்து, மேலே எருக்கிலை மூடி, களிமண்ணால் வாயடைத்து ஊதினால் உருக்கு. இந்த முறையை வெள்ளைக்காரர்களுக்கு எழுதிக் காட்டியவர் ஹீத் என்ற ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரியாக இருந்து, வேலையை விட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அது நஷ்டத்தில் ஓடியது. பிறகு இங்கிலாந்து போய், 1839-ல் மாங்கனீசு சேர்த்து எஃகு செய்ய உரிமம் வாங்கி, ஷெஃபீல்டு முதலாளிகளோடு வழக்காடியே ஓய்ந்து போனார். நம் உருக்கு லண்டனில் 'வூட்ஸ்' என்ற பெயரில் 1795-லேயே ராயல் சொசைட்டியில் ஆராயப்பட்டது. 1819-ல் மின்சாரப் புகழ் ஃபாரடேவே அதை எடுத்துச் சோதித்தார்.

இத்தனை இருந்தும் நம் கொல்லர்களில் ஒருவர் பெயராவது சரித்திரத்தில் உண்டா? உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலத்தில் அருணாசலம் என்றொரு கத்திக்காரர் இருந்தார். வேட்டைக் கத்தி, பன்றி வேட்டை ஈட்டி ஆகியவற்றுக்குப் பேர்போனவர். தன் பெயரையும் 'சேலம்' என்பதையும் ஆங்கில எழுத்தில் அலகிலேயே பொறித்துவிடுவார். வெள்ளைக்காரன் வாயில் நுழைந்தபடி அது 'அர்னசெல்லம்' என்றிருக்கும். இந்தியக் காடுகளில் சுட்டுத் திரிந்த துரைமார்களின் இடுப்பில் ஷெஃபீல்டு கத்தியோடு இதுவும் போட்டி போட்டது. இன்றும் பழங்கத்தி ஏலங்களில் அந்தப் பெயர் இருந்தால் ஒரு மதிப்பு. ஏலப் படங்களில் அந்த எழுத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பர்மிங்காமில் செய்த பயனட் சேலத்துக்கு வந்திருக்கிறது, சேலத்தில் செய்த கத்தி இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது! ஆனால் சேலத்தில் கடைத்தெருவில் நாலு பேரைக் கேட்டேன், அருணாசலம் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. "எந்த அருணாசலம் சார், ரஜினி படமா?" என்றார் ஒரு தம்பி.

அலங்காரக் கத்திக்கு வருவோம். நாயக்கர் காலச் சிற்பங்களில் ராஜாவும் பிரதானிகளும் இடுப்பில் கட்டாரி செருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்களில், பாயும் குதிரைக்குக் கீழே நிற்கும் வீரர்கள் விலங்கின் மேல் கத்தி பாய்ச்சுவதையும் காணலாம். கட்டாரியின் பிடி மற்றக் கத்திகள் போல நேராக இராது. இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே குறுக்குக் கட்டை. அதைப் பற்றிக்கொண்டு முஷ்டியால் குத்துவது போலக் குத்த வேண்டும். தஞ்சாவூர்க் கட்டாரியில் கையை மறைக்க ஒரு பாய்மரம் போன்ற கவசத் தகடு இருக்கும். அதன் ஓரத்தில் யாளி முகம். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பலவற்றின் அலகு ஐரோப்பிய வாளிலிருந்து ஒடித்தது. 'ஆந்திரேயா ஃபெராரா' என்ற இத்தாலியக் கொல்லன் பெயரோடு கூட உண்டு. அந்தப் பெயரையே ஜெர்மன் பட்டறைகள் காப்பியடித்துப் பொறித்து விற்றன என்பது வேறு கதை. கப்பலில் வந்த வாளுக்கு நம் ஆசாரி யாளிப் பிடி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இந்தத் தஞ்சாவூர்ச் சரக்கு என்னவாயிற்று? கடைசி மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி மறைந்தார். அரண்மனை ஆயுதசாலை ஆங்கில அரசின் கைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த வாள், ஈட்டி, கட்டாரி எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. நல்லவை என்று பொறுக்கியவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற சிவிலியன் 1878-ல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இதை எழுதி வைத்திருக்காவிட்டால் இதுவும் நமக்குத் தெரிந்திராது. தப்பியவற்றை எழும்பூரில் இன்றும் பார்க்கலாம். அந்த ஆயுதசாலையிலிருந்து போனவற்றில் யானைத் தந்தத்தில் செய்த வளரிகூட உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் தஞ்சாவூர்க் கட்டாரிகள் இருக்கின்றன. ஜார்ஜ் ஸ்டோன் என்ற அமெரிக்கர் தன் சேகரிப்பை 1935-ல் எழுதி வைத்தபோது போனவை. ஆயுதம் சேர்க்கும் பைத்தியக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். உடைத்து எடை போட்டு விற்ற புத்திசாலிகளைவிட அவர்கள் எவ்வளவோ மேல் என்பேன்.

அரண்மனையிலேயே அப்படியென்றால் ஊர்ப்புறத்தில் கேட்கவா வேண்டும்? பாளையக்காரர் கிளர்ச்சியை அடக்கியபின் 1801 டிசம்பர் 1-ல் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். கோட்டைகளை இடி, ஆயுதங்களை ஒப்படை என்பதே அதன் சாரம். 1878-ல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்து, மீதியிருந்ததையும் பயமுறுத்திப் புதைக்கவோ உருக்கவோ வைத்தது. கொல்லுப் பட்டறையில் வாள் அரிவாளானது, ஈட்டி கடப்பாரையானது. இதில் எனக்கு ஆயுதம் போயிற்றே என்ற வருத்தமில்லை. அரிவாளானதும் நல்லதுதான். எழுத்தும் சேர்ந்து உருகிப் போயிற்றே என்பதுதான்.

எங்கள் பக்கத்தில் நான் நேரில் கண்டது ஒன்றே ஒன்று. மரவள்ளிக் காடு, கரணை நறுக்கிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். கையிலிருந்த கத்தியின் அமைப்பு வேறாக இருந்ததால் வாங்கிப் பார்த்தேன். 1907 மாடல் பயனட். போலீஸ்காரர்கள் தோளில் வெகுகாலம் தொங்கிய அதே த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிக்கு உரியது. பிறக்கும்போது அதன் அலகு பதினேழு அங்குலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். இது பன்னிரண்டு. பிடிக்கு அடுத்து, கூரில்லாத இடத்தில் 'ஆர்.எஃப்.ஐ.' என்ற எழுத்து: வங்காளத்து ஈஷாப்பூர் ரைஃபிள் ஃபாக்டரி. மறுபக்கம், அலகை வளைத்துச் சோதித்ததற்கு அடையாளமான பெருக்கல் குறி. வருஷம் இருந்த இடம் சாணைக் கல்லில் தேய்ந்துவிட்டது.

"ஏதுங்க தம்பி இது?"

"தாத்தா மிலிட்டரில இருந்தாருங்க. எரவாணத்துல சொருகியிருந்துச்சு. ஆயுத பூசைக்கு மட்டும் எடுத்துப் பொட்டு வெப்பாரு. அவரு போனப்புறம் சும்மா கெடக்குதேன்னு எடுத்து நறுக்கறேன். நல்லா பதமா இருக்குதுங்க."

தாத்தா எந்தப் படை, எந்த நாட்டுக்குப் போனார் என்று கேட்டேன். பர்மா என்று பாட்டி சொல்லக் கேட்டதாக ஞாபகம், அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் புத்தகம் ஓடு மாற்றும்போது போய்விட்டதாம். அந்த மனிதரைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்து அந்தக் கத்தியில்தான் இருக்கிறது. அதிலும் பாதி தேய்ந்துவிட்டது. அலகின் நடுவே பள்ளம் ஏதும் இல்லையே, ரத்தம் ஓட விட்டிருப்பார்களே என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். பள்ளம் ரத்தத்துக்கல்ல, எடையைக் குறைக்கத்தான் என்று விளக்கிவிட்டு, பையிலிருந்த தாளை எடுத்து வரப்பிலேயே உட்கார்ந்து படி எடுத்துக்கொண்டேன். கத்தியை அவரிடமே கொடுத்துவிட்டேன். இதற்கும் விதி ஒன்று இருக்கிறது தம்பி என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

நண்பர்களே, மாணவச் செல்வங்களே! உங்கள் ஊரிலும் எரவாணத்திலோ, ஐயனார் கோயில் திண்ணையிலோ, பட்டறை மூலையிலோ இப்படி ஒன்று இருக்கலாம். வாங்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். எழுத்தைப் படி எடுத்து, யார் வீட்டுப் பொருள் என்று அவர்கள் சொல்வதையும் பின்பக்கம் எழுதி, சங்க அலுவலக முகவரிக்கு என் பெயருக்கு அனுப்பினால் போதும். எழுத்துத் தெரியவில்லையே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துரு போகும்போது எழுத்தும் போய்விடும். தேங்காயெண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் துடைத்தாலே போதும். பென்சில் மட்டும் 2பி-யாக இருக்கட்டும்.